உப்புக் காற்றில் பெரணி: ராமநாதபுரம் கடற்கரைக்கு ஒரு வழிகாட்டி

இந்தக் கடற்கரையில் பெரணி (ஃபெர்ன்) வளருமா என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: உங்கள் வீட்டில் என்ன தண்ணீர் வருகிறது? எல்லோரும் வெயிலுக்குத்தான் பயப்படுகிறார்கள். வெயிலை ஒரு பூவரச மரம் தடுத்துவிடும். கடல் பக்கத்திலேயே இருப்பதால் காற்றில் ஈரப்பதமும் உண்டு. அந்த விஷயத்தில் மதுரைக்காரர்களைவிட நமக்கு வசதிதான். இங்கே பெரணியைக் கொல்வது உப்பு. ஆழ்துளைக் கிணற்றில் ஏறி வருகிறது, கடல்காற்றில் பறந்து வருகிறது, மண்ணிலேயே கிடக்கிறது. வாங்கி வந்த செடி இரண்டு மாதத்தில் இலை நுனி கருகிச் சாகும்போது, வெயில் தாங்கவில்லை என்று முடிவுகட்டி விட்டுவிடுகிறார்கள். பாதிக்கு மேல் அது உப்பின் வேலை.

அதனால் வரிசையைச் சரியாக வைத்துக்கொள்ளுங்கள். முதலில் தண்ணீர், அடுத்து இடம், அப்புறம் மண்கலவை. செடி வாங்கப் போவது கடைசி வேலை.

தண்ணீரைத் தயார் செய்யுங்கள்

தொண்டியிலிருந்து வாலிநோக்கம் வரை எந்த ஊரிலும் நல்ல தண்ணி, உப்புத் தண்ணி என்று பிரித்துத்தான் பேசுகிறோம். ஆனால் நம் நாக்குக்கு உறைக்காத உப்பும் பெரணிக்கு உறைக்கும். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் லிட்டருக்கு 500 மில்லிகிராம் என்று வைத்திருக்கிறது. வேறு தண்ணீரே இல்லாத இடத்தில் 2000 வரை அனுமதி. பெரணிக்கு அந்த இரண்டாவது சலுகை கிடையாது. நான் வைத்திருக்கும் கணக்கு இதுதான்: 500க்குக் கீழே இருந்தால் எந்தப் பெரணிக்கும் ஊற்றலாம். 500 முதல் 1000 வரை என்றால் முரட்டு வகைகளுக்கு மட்டும், அதுவும் இடையிடையே நல்ல தண்ணீர் விட்டு உப்பை அலசிக்கொண்டு. 1000க்கு மேல் காட்டினால் அந்தத் தண்ணீரைப் பெரணிப் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

அப்படியானால் நல்ல தண்ணீருக்கு எங்கே போவது? கூட்டுக் குடிநீர்க் குழாயில் வருவது நல்ல தண்ணீர்தான். ஆனால் குடம் குடமாகக் காசு கொடுத்துக் குடிதண்ணீர் வாங்கும் மாவட்டத்தில், அதைச் செடிக்கு ஊற்றுங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வராது. மழைநீரைப் பிடியுங்கள். நமக்கு ஆண்டு முழுவதும் சேர்த்துச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை. அதில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் கொட்டித் தீர்த்துவிடும். ஆயிரம் சதுர அடி மொட்டைமாடியில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 900 லிட்டருக்குச் சற்று மேலேயே விழும். சிந்தியது சிதறியது போக 700 லிட்டராவது தொட்டிக்கு வரும். ஆக, இரண்டு நல்ல மழையில் ஆயிரம் லிட்டர் சின்டெக்ஸ் தொட்டி நிறைந்துவிடும். 2003இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானதால் பெரும்பாலான வீடுகளில் மாடியிலிருந்து குழாய் இறக்கியிருப்பார்கள். அந்தக் குழாயைக் குழிக்குப் போகும் முன் தொட்டிக்குத் திருப்ப ஒரு பிளம்பருக்கு அரைநாள் வேலை.

இதில் இரண்டு கவனம் தேவை. கோடை முழுவதும் அடித்த கடல்காற்றில் மொட்டைமாடியிலும் உப்புத்தூசி படிந்திருக்கும். முதல் மழையைத் தொட்டிக்குள் விடாதீர்கள், அது மாடியைக் கழுவிப் போகட்டும். தொட்டியின் வாயில் கொசுவலையை இறுகக் கட்டுங்கள். டெங்கு கொசு முட்டையிடத் தேடுவது இந்தச் சுத்தமான தண்ணீரைத்தான்.

வீட்டில் ஏசி இருந்தால் அதன் வடிகுழாயின் கீழே ஒரு வாளி வையுங்கள். காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்து சொட்டும் தண்ணீர் அது, உப்பே இருக்காது. நம் புழுக்கத்தில் ஒரே இரவில் பல லிட்டர் சேரும். கோடையில் தொட்டி வற்றும் நேரத்தில்தான் ஏசியும் அதிகம் ஓடும் என்பதால் இது பெரிய கைகொடுப்பு. ஆர்ஓ இயந்திரத்தின் கழிவுநீர் இதற்கு நேர்மாறு. குடிதண்ணீரிலிருந்து பிரித்த உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. செடிக்கு நல்லது என்று யார் சொன்னாலும் பெரணிக்கு விடாதீர்கள். உப்புப் போடாத அரிசி கழுவிய தண்ணீரை எப்போதாவது விடலாம்.

இப்போது கணக்குப் பாருங்கள். பத்து அங்குலச் செடித்தொட்டி ஒன்றுக்குக் கோடையில் நாளுக்கு முக்கால் லிட்டர் வரை தேவைப்படும். பத்துத் தொட்டி என்றால் ஏழு, ஏழரை லிட்டர். நிறைந்த சின்டெக்ஸ் தொட்டி நாலரை மாதம் வரும். தையில் தொடங்கினால் வைகாசியின் பாதி வரை தாங்கும், மிச்சத்தை ஏசித் தண்ணீர் பார்த்துக்கொள்ளும். புதிதாகத் தொடங்குபவர் பத்துத் தொட்டிக்கு மேல் போகவேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான். உங்களிடம் எவ்வளவு நல்ல தண்ணீர் இருக்கிறதோ அவ்வளவுதான் உங்கள் தோட்டம்.

காற்றுக்கு மறைவு, வெயிலுக்கு நிழல்

ஆனி, ஆடியில் அடிக்கும் கச்சான் காற்றைப் பாம்பன், மண்டபம் பக்கத்து ஆட்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. தென்மேற்கிலிருந்து நாள் கணக்கில் நிற்காமல் அடிக்கும். பெரணியின் மெல்லிய இலையிலிருந்து அது ஈரத்தை உறிஞ்சும் வேகத்துக்கு வேரால் ஈடுகொடுக்க முடியாது. போதாததற்கு உப்புத் திவலையையும் கொண்டுவந்து அப்பும். ஆகவே வீட்டின் தெற்கையும் மேற்கையும் விட்டுவிடுங்கள். வடக்கு அல்லது கிழக்குச் சுவரோரம்தான் பெரணிக்கு இடம். கீழக்கரைப் பழைய வீடுகளில் இருப்பதுபோல உள்முற்றம் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், அதைவிட நல்ல இடம் கிடையாது. மார்கழி, தையில் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வரும். அதற்கு ஒரு சிறு தடுப்பு போதும், கச்சான் அளவுக்குத் தொல்லை இருக்காது.

தடுப்பு என்றதும் மதில் எழுப்பிவிடாதீர்கள். முழுச் சுவரில் மோதும் காற்று மேலேறி மறுபக்கம் சுழன்று இறங்கும். காற்று கொஞ்சம் புகுந்து வரும் தட்டிதான் வேகத்தை நன்றாகக் குறைக்கும். பனையோலைத் தட்டியோ தென்னங்கிடுகோ கட்டுங்கள். இரண்டுமே நம்மூரில் கிடைப்பவை, உப்புக்குத் துருப்பிடிக்காதவை. ஆண்டுக்கு ஒருமுறை மாற்றினால் போதும்.

நிழலுக்கு மரம் வைக்க இடமிருந்தால் பூவரசு அல்லது புன்னை. இரண்டும் கடலோர உப்பைத் தாங்கிப் பழகிய மரங்கள். புன்னை எப்போதும் பசுமையாக, அடர்ந்த நிழல் தரும், ஆனால் வளரப் பொறுமை வேண்டும். பூவரசு சீக்கிரம் வரும். வேம்பின் நிழல் நல்ல நிழல்தான். ஒரு சிக்கல், மாசி பங்குனியில் வெயில் ஏறும்போது அது இலையை உதிர்த்துவிட்டு நிற்கும். வேம்படியில் வைப்பவர்கள் அந்தச் சில வாரங்களுக்கு மேலே ஒரு நிழல்வலை கட்டிக்கொள்ளுங்கள். உடைமரத்தின் நிழல் மெல்லியது, அது மட்டும் போதாது. தென்னைக்கு நேர் கீழே வேண்டாம், ஒரு மட்டை விழுந்தால் தொட்டியே போய்விடும்.

மரமே இல்லாத வீட்டுக்குப் பச்சை நிழல்வலை. வெயிலில் 50 சதவீதத்தைத் தடுக்கும் வலை காய்கறிக்குச் சரி, பெரணிக்கு 75 சதவீதம் வாங்குங்கள். நிழல் என்றால் இருட்டு அல்ல என்பதையும் மனதில் வையுங்கள். நண்பகலில் அந்த இடத்தில் விளக்குப் போடாமல் செய்தித்தாள் படிக்க முடியவேண்டும், ஆனால் கையை நீட்டினால் அதன் நிழல் அழுத்தமாக விழக்கூடாது. காலை எட்டு மணிக்கு முன் படும் இளவெயில் நல்லதே செய்யும்.

மண்கலவை

கடற்கரை மணலைச் சேர்க்கவே கூடாது. உப்பும் கிளிஞ்சல் சுண்ணாம்பும் கலந்தது அது. தொட்டியைச் சுற்றி அழகுக்குப் பவளக்கல் அடுக்கும் ஆசையும் வேண்டாம். பவளப்பாறைகள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் புலியும் யானையும் இருக்கும் முதல் அட்டவணையில் 2001 முதல் இருக்கின்றன. கரையில் ஒதுங்கிக் கிடப்பதை எடுத்தாலும் குற்றம்தான்.

என் கலவை: தென்னைநார்க் கழிவு இரண்டு பங்கு, நன்றாக மட்கிய இலைமட்கு இரண்டு பங்கு, மண்புழு உரம் அரைப் பங்கு, உடைத்த செங்கல்லும் அடுப்புக்கரியும் சேர்ந்து ஒரு பங்கு. தோட்டத்து மண்ணே இல்லை. பெரணியின் வேர் மெல்லியது, மேலோட்டமாகப் படர்வது. அதற்கு ஈரமும் வேண்டும், காற்றோட்டமும் வேண்டும்.

தென்னைநார்க் கழிவை அப்படியே போட்டுவிடாதீர்கள். உப்புத் தண்ணீரில் ஊறிய மட்டையிலிருந்து வந்ததாக இருந்தால் அதிலேயே ஏராளமாக உப்பு இருக்கும். கட்டியை மழைநீரில் ஊறவைத்துப் பிழியுங்கள், மறுபடியும் ஊறவைத்துப் பிழியுங்கள். பிழிந்த தண்ணீரில் மீட்டரை வைத்துப் பாருங்கள். ஊற்றிய தண்ணீரின் எண்ணுக்குப் பக்கத்தில் வரும்வரை அலச வேண்டும். இந்த வேலையை மழைக்காலத்தில் மொத்தமாக முடித்துக் காயவைத்து மூட்டை கட்டிவிட்டால் தண்ணீர் வீணாகாது.

கரிக்கு நாம் எங்கும் போகவேண்டாம். சீமைக்கருவேலத்தை மூட்டம் போட்டுக் கரியாக்கும் தொழில் நம் மாவட்டம் முழுக்க நடக்கிறது. தூளாக இல்லாமல் விரல்நுனி அளவுத் துண்டுகளாக வாங்கி, ஒட்டியிருக்கும் சாம்பலைக் கழுவிவிட்டுப் போடுங்கள். சாம்பல் காரம் மிகுந்தது, அது சேரக்கூடாது.

தொட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. மானாமதுரை மண்தொட்டி பார்க்க அழகு, வேரைக் குளிர்ச்சியாகவும் வைக்கும். ஆனால் கடற்காற்றில் பக்கவாட்டில் சீக்கிரம் உலர்ந்துவிடும், உலரும் ஒவ்வொரு முறையும் சுவரில் உப்பை விட்டுச்செல்லும். நான் சொல்லும் வழி, செடியைப் பிளாஸ்டிக் தொட்டியில் நட்டு, அதை ஒரு சுற்றுப் பெரிய மண்தொட்டிக்குள் இறக்கி, இடைவெளியில் ஆற்றுமணலை நிரப்புங்கள். அந்த மணலை மட்டும் ஈரமாக வைத்தால் செடியைச் சுற்றி எப்போதும் குளிர்ச்சி இருக்கும். தொங்கும் கூடைகள் நம் காற்றுக்கு ஒத்துவராது, உள்முற்றம் இருந்தால் மட்டும் முயலலாம்.

தரையில் நட விரும்புகிறவர்கள் குழி தோண்டாமல் பாத்தியை உயர்த்துங்கள். செங்கல் வரம்பு கட்டி, அடியில் நான்கு விரற்கடைக்குச் செங்கல் ஜல்லி பரப்பி, அதன்மேல் ஓர் அடி உயரத்துக்குக் கலவை போட வேண்டும். கோடையில் நிலத்தடி உப்புநீர் மண்ணின் நுண்ணிடைவெளி வழியாக மேலே ஏறிவரும். ஜல்லி அடுக்கில் அந்த ஏற்றம் அறுந்துபோகும்.

எந்தப் பெரணி?

கொடைக்கானலுக்கோ ஊட்டிக்கோ போய்வரும்போது அங்கே நர்சரியில் பார்த்து மயங்கி வாங்கிவராதீர்கள். குளிர்ந்த மலையில் வளர்ந்தவை இங்கே சித்திரையைத் தாண்டாது, மரப்பெரணி நிச்சயமாகத் தாண்டாது. மெல்லிய கறுப்புக் காம்பில் சின்னச்சின்ன இலை ஆடும் அடியான்டம் எல்லோருக்கும் பிடிக்கும். அதன் இலை வறண்ட காற்றையும் உப்பையும் கொஞ்சமும் பொறுக்காது. இரண்டு மூன்று ஆண்டு அனுபவத்துக்குப் பிறகு அதைத் தொடுங்கள்.

தொடக்கத்துக்கு நெஃப்ரோலெபிஸ். நர்சரிகளில் பாஸ்டன் ஃபெர்ன் என்று விற்பது இந்தக் குடும்பம்தான். இதிலேயே கார்டிஃபோலியா என்ற வகை கிடைத்தால் அதை எடுங்கள். தொட்டியின் ஓரத்தில் விரலை விட்டுப் பார்த்தால் கோலிக்குண்டு அளவில் உருண்டைக் கிழங்குகள் தட்டுப்படும். அதில் தண்ணீரைச் சேர்த்துவைத்திருக்கும். நீங்கள் இரண்டு நாள் வெளியூர் போனாலும் அதை வைத்துச் சமாளித்துக்கொள்ளும். பாஸ்டனில் அந்தக் கிழங்கு இல்லை, அதனால் அது கொஞ்சம் தாகக்காரச் செடி.

பழைய கிணற்றுச் சுவரிலும், கோயில் மதிலின் வெடிப்பிலும், சுண்ணாம்பு பெயர்ந்த காரைக்கட்டடங்களிலும் தானாக முளைத்து நிற்கும் பெரணியைப் பார்த்திருப்பீர்கள். நீளமான இலையில் இருபுறமும் ஒடுங்கிய சிற்றிலைகள் வரிசையாக இருக்கும். டெரிஸ் விட்டாட்டா என்பது அதன் அறிவியல் பெயர். பெரும்பாலான பெரணிகள் அமிலத்தன்மையுள்ள மண்ணைத் தேடும்போது இது சுண்ணாம்பை விரும்புகிறது. வெயிலையும் ஓரளவு தாங்கும். சுண்ணாம்பு மிகுந்த நம் நிலத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஒன்றைச் சொல்வது கடினம். காசு கொடுத்து வாங்கவும் வேண்டாம், இடிக்கப்போகும் சுவரிலிருந்து மழைக்காலத்தில் வேர் சிதையாமல் பெயர்த்து வந்தால் போதும். கலவையில் உடைந்த சுண்ணாம்புக் காரையைக் கொஞ்சம் சேருங்கள். இந்தச் செடி மண்ணிலுள்ள ஆர்செனிக்கை உறிஞ்சி இலையில் சேர்த்துவைக்கும் என்று 2001இல் ஃபுளோரிடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். அதனால் இதன் இலைகளை மட்டும் காய்கறிப் பாத்தி உரத்தில் சேர்க்காதீர்கள்.

மூன்றாவது, என் மனதுக்கு மிக நெருக்கமானது. கொல்லிமலைக்குப் போனவர்கள் முடவாட்டுக்கால் சூப் குடித்திருப்பீர்கள். ஆட்டுக்கால் அளவில், மேலே பழுப்பு முடி அடர்ந்திருக்கும் அந்தக் கிழங்கு உண்மையில் ஒரு பெரணியின் தண்டு. ட்ரைனேரியா என்ற இனம். மண்ணே இல்லாமல் பாறையிலும் மரத்திலும் ஒட்டி வளர்வது. வறட்சி வந்தால் பச்சை இலைகளை உதிர்த்துவிட்டுத் தண்டை மட்டும் காப்பாற்றிக்கொண்டு கிடக்கும், மழை கண்டதும் மறுபடி தளிர்க்கும். நம் ஊர்ப் பருவத்துக்கு அப்படியே பொருந்துகிற சுபாவம். சந்தையில் விற்கும் கிழங்கில் நுனி மொட்டு காயாமல் இருந்தால் அதையே கட்டி வளர்க்கலாம். காட்டிலிருந்து பெயர்த்து வருவது மட்டும் கூடாது.

மான்கொம்பு வடிவில் இலை விரிக்கும் பிளாட்டிசீரியமும் இதேபோல மரத்தில் வளர்வது, தடித்த இலை என்பதால் தாக்குப்பிடிக்கும். பறவைக்கூடு பெரணி அகன்ற இலைக்காரி, காற்றில் கிழியும், உள்முற்றத்துக்கு மட்டும் ஏற்றது.

உங்களிடம் உப்புத் தண்ணீர் தவிர வேறு வழியே இல்லை என்றால் அலையாத்திக் காட்டுச் சேற்றில் வளரும் அக்ராஸ்டிகம் என்ற பெரணி இருக்கிறது. உப்பங்கழி நீரிலேயே வாழும், ஆள் உயரத்துக்கு வரும். எப்போதும் சேறாக இருக்கும் மூலை அதற்கு வேண்டும், சின்னத் தொட்டிக்கு அடங்காது. இதையும் நர்சரியில் விசாரித்துத்தான் வாங்க வேண்டும், காரங்காட்டு அலையாத்தியில் கைவைக்கக் கூடாது.

நர்சரியில் அஸ்பராகஸ் ஃபெர்ன் என்று ஒன்றைக் காட்டுவார்கள். அது பெரணியே அல்ல, தண்ணீர்விட்டான் கிழங்கின் உறவு. பூக்கும், காய்க்கும், முள்ளும் இருக்கும். ஆனாலும் வாங்குங்கள், வேர்க்கிழங்கில் தண்ணீர் சேர்த்துவைக்கும் கெட்டிச் செடி. பெரணித் தோட்டத்தின் காற்றுப் பக்கத்து ஓரத்தில் வைத்தால் மற்றவைக்கு மறைவாக இருக்கும்.

நடும் முறை

ஐப்பசியில் முதல் இரண்டு மழை விழுந்து மண்ணும் காற்றும் குளிர்ந்த பிறகு வாங்குங்கள். சித்திரையில் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். மதுரையிலிருந்து பஸ்ஸில் கொண்டுவந்தால் ஈரமான செய்தித்தாளில் முழுச் செடியையும் சுற்றி, ஜன்னல் காற்று படாமல் காலடியில் வையுங்கள். வந்ததும் மாற்றி நடாதீர்கள். வீட்டிலேயே அதிக நிழலான மூலையில் இரண்டு வாரம் அப்படியே இருக்கட்டும். சில பழைய இலைகள் மஞ்சளாகி விழும், பதற வேண்டாம். சுருட்டிக்கொண்டு புதுத்தளிர் எழும்பினால் செடி ஊருக்குப் பழகிவிட்டது.

தொட்டியின் ஓட்டையை ஓட்டுச்சில்லால் மூடி, முக்கால் அளவு கலவை நிரப்பி, செடியைப் பழைய தொட்டியில் இருந்த அதே உயரத்தில் வையுங்கள். இலைகள் கிளம்பும் கழுத்து மண்ணுக்கு மேலே இருக்கவேண்டும், புதைந்தால் அழுகிவிடும். கலவையை அழுத்திக் குத்தாதீர்கள். அடியில் வழியும் வரை மழைநீர் ஊற்றி, மேலே ஒரு கைப்பிடி காய்ந்த பூவரச இலை பரப்புங்கள். தொட்டியைச் செங்கல்மேல் தூக்கி வையுங்கள், இல்லாவிட்டால் மரத்தின் வேர் ஓட்டை வழியாக உள்ளே ஏறிவிடும். அடியில் தட்டு வைத்திருந்தால் தேங்கிய தண்ணீரை உடனே கொட்டிவிடுங்கள். கழுவி இறங்கிய உப்பு அதில்தான் இருக்கிறது, செடி அதை மறுபடி உறிஞ்சக்கூடாது.

முடவாட்டுக்காலையும் மான்கொம்பையும் மண்ணில் நடக்கூடாது. மரத்தில் கட்ட வேண்டும். பூவரசின் கவட்டையோ, உயிருள்ள தென்னையின் அடித்தண்டோ, ஒரு பனஞ்சட்டமோ போதும். தென்னையிலோ பனையிலோ மட்டை அடியில் வலைபோல நெய்தாற்போல இருக்கும் பன்னாடையை எடுத்து அலசிக்கொள்ளுங்கள். அதில் ஒரு பிடி ஈர இலைமட்கை வைத்துத் தண்டின்மேல் பொருத்தி, அதன்மேல் கிழங்கைப் படுக்கவைத்து, சணல் கயிற்றால் கட்டுங்கள். நுனி மொட்டு வெளியே தெரியவேண்டும். செம்புக்கம்பி வேண்டாம், அது செடிக்கு நஞ்சு. சணல் மக்கி அறுவதற்குள் வேர் பிடித்திருக்கும்.

இந்த இரண்டிலும் புதியவர்கள் தவறாமல் செய்யும் ஒரு காரியம் உண்டு. அடியில் ஒட்டியிருக்கும் இலைகள் காய்ந்து பழுப்பாகிவிட்டனவே என்று பிய்த்துச் சுத்தம் செய்துவிடுவார்கள். அவை காய்ந்துபோக வேண்டிய இலைகள்தான். மேலிருந்து விழும் சருகையும் தூசியையும் ஏந்திப் பிடித்து, மட்கவைத்து, செடிக்கு உணவாக்குவதே அவற்றின் வேலை. மண்ணில்லாமல் வாழும் பெரணி தன் மண்ணைத் தானே சேர்த்துக்கொள்ளும் இடம் அது. அதில் கைவைக்காதீர்கள், நீங்களே இடையிடையே ஒரு பிடி இலைமட்கை அதற்குள் போடுங்கள்.

கோடையும் அன்றாடப் பராமரிப்பும்

தண்ணீர் காலையில் ஊற்றுங்கள். விரலை ஒரு கணு அளவு உள்ளே விட்டு ஈரம் தெரிந்தால் அன்று வேண்டாம். கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிப்பதைவிட, அடியில் வழியும்படி ஒரே தடவை ஊற்றுவது நல்லது. அரைகுறையாக ஊற்றினால் உப்பு மேல்மண்ணிலேயே தங்கிவிடும். கச்சான் அடிக்கும் நாட்களில் விடியற்காலையில் கைத்தெளிப்பானில் மழைநீர் நிரப்பி இலைகளைக் கழுவிவிடுங்கள். தொட்டி விளிம்பில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால், தொட்டியின் கொள்ளளவு நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி அடியில் வடியவிடுங்கள். ஒன்பது பத்து லிட்டர் பிடிக்கும். கோடையின் நடுவில் ஒருமுறை இதைச் செய்தால் போதும்.

உரமும் ஒரு வகையில் உப்புதான். யூரியா, டிஏபி பக்கம் போகாதீர்கள். இரண்டு மாதத்துக்கு ஒரு கைப்பிடி மண்புழு உரம் நிறைவாகப் போதும். கடற்பாசிச் சாறு கிடைத்தால் புட்டியில் போட்டிருக்கும் அளவில் பாதி. மீன் அமிலம் வீட்டிலேயே தயாரிப்பவர்கள் லிட்டருக்கு 2 மில்லிக்கு மேல் கலக்கவேண்டாம். கருவாட்டுக் கழிவில் செய்தது கூடவே கூடாது. அக்னி நட்சத்திரத்தில் எந்த உரமும் வேண்டாம்.

செடி என்ன சொல்கிறது என்பதை இலையில் படிக்கலாம். எல்லா இலைகளிலும் நுனியும் ஓரமும் மட்டும் ஒரே சீராகக் கருகினால் உப்பு. இலை முழுவதும் வெளுத்தால் வெயில். மண் ஈரமாக இருந்தும் செடி துவண்டால் வேர் அழுகுகிறது, தண்ணீரை நிறுத்துங்கள். அடிஇலை ஒன்றிரண்டு மஞ்சளானால் அது வயது.

இலையின் அடியில் வரிசையாகப் பழுப்புப் புள்ளிகள் தோன்றும்போது பூச்சி என்று பயந்து மருந்தடிப்பவர்கள் உண்டு. அவை வித்துப்பைகள், பெரணி இனம் பெருக்குவது அதில்தான். செதில்பூச்சி என்றால் ஒழுங்கில்லாமல் தண்டிலும் இலையிலும் கண்டபடி ஒட்டியிருக்கும், நகத்தால் நெம்பினால் பெயர்ந்துவரும், பக்கத்தில் பிசுபிசுப்பும் எறும்பும் இருக்கும். அதற்கும் வேப்பெண்ணெயை அப்படியே அடித்துவிடாதீர்கள், பெரணி இலை எண்ணெய்க்குக் கருகும். ஈரப்பஞ்சால் துடைத்தெடுங்கள், அதிகமாக இருந்தால் அந்த இலையையே வெட்டிவிடுங்கள். மழைக்காலத்து நத்தையை இரவில் டார்ச்சுடன் போய்ப் பொறுக்குவதைத் தவிர நல்ல வழி இல்லை.

வைகாசியில் நெஃப்ரோலெபிஸ் முழுவதும் கருகிப்போனால் தொட்டியைத் தூக்கி எறிய அவசரப்படாதீர்கள். இலைகளைத் தரைமட்டத்துக்கு வெட்டிவிட்டு, கழுத்தை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சையாகவோ வெள்ளையாகவோ ஈரம் தெரிந்தால் உயிர் இருக்கிறது. நிழலுக்குள் தள்ளிவைத்து, மண் முழுக்கக் காயாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

ஐப்பசி மழை தொடங்கியதும் எல்லாத் தொட்டிகளையும் இரண்டு நாள் வெட்டவெளியில் வைத்து நனையவிடுங்கள். ஆண்டு முழுவதும் சேர்ந்த உப்பு அதில் அலசிக்கொண்டு போகும். வானம் மூடியிருப்பதால் இலை கருகாது, வெயில் அடித்தால் மட்டும் உள்ளே எடுத்துவிடுங்கள். புயல் எச்சரிக்கை வந்தால் தொட்டிகளைச் சுவரோரம் ஒன்றோடொன்று நெருக்கித் தரையில் இறக்கிவையுங்கள். செடியைப் பிரித்து நடுவதும் இந்தச் சமயத்தில்தான். நெஃப்ரோலெபிஸ் தொட்டியைக் கவிழ்த்து, வேர்க்கட்டியைக் கூரான கத்தியால் நான்காக வகுந்து, ஒவ்வொரு துண்டிலும் இரண்டு மூன்று தளிராவது இருக்கும்படி பார்த்துத் தனித்தனியாக நடுங்கள். ஓடுதண்டில் முளைத்த குட்டிகளையும் வெட்டி எடுக்கலாம். கையில் இருக்கும் தண்ணீருக்கு எத்தனை தொட்டி தாங்குமோ அத்தனையை வைத்துக்கொண்டு, மீதியை அக்கம்பக்கத்தாருக்குக் கொடுத்துவிடுங்கள், ஏசி வடிகுழாயின் கீழே வாளி வைக்கச் சொல்லி.